எலி அமைதியானால் மனநோய் குணமாகுமா? மூலிகை ஆய்வுச் செய்திகளைப் படிப்பது எப்படி?

"கல்வராயன் மலை மூலிகையில் மனநோய்க்கு மருந்து!" இப்படி ஒரு தலைப்பு நாளைக்கே உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தாலும் வியப்பில்லை. தமிழ்நாட்டு மருந்தியல் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளில், செடி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லும் இடத்தில் கொல்லிமலை, ஏற்காடு, கல்வராயன் மலை என்ற பெயர்கள் அடிக்கடி வரும். அந்தச் செடியின் சாற்றை எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எலியின் நடவடிக்கை மாறுகிறது. "மனப்பிறழ்வுக்கு எதிரான செயல்பாடு உள்ளது" என்று கட்டுரை முடிகிறது.

அந்த வரியை அப்படியே நம்பி ஒரு குடும்பம் மாத்திரையை நிறுத்திவிட்டால்? அங்கேதான் சிக்கல். எலிக் கூண்டில் உண்மையில் என்ன நடக்கிறது, அதிலிருந்து எவ்வளவு தூரம் நம்பலாம், அந்தச் செடியைக் காட்டிக்கொடுத்த மலை மக்களுக்கு இதில் என்ன பங்கு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மனப்பிறழ்வு என்றால் என்ன?

இல்லாத குரல் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று ஆதாரமே இல்லாமல் உறுதியாக நம்புவது, பேச்சு கோர்வை இழப்பது, இவையெல்லாம் மனப்பிறழ்வின் அறிகுறிகள். ஆங்கிலத்தில் சைக்கோசிஸ் என்கிறார்கள். மனச்சிதைவு நோயில் இது முக்கியமான பகுதி. இருதுருவக் கோளாறு, போதைப்பொருள் பயன்பாடு, சில மூளை நோய்கள் ஆகியவற்றிலும் வரலாம்.

இன்னொரு முகமும் உண்டு. ஆர்வம் வற்றிப்போவது, பேச்சு குறைவது, குளிக்கக்கூட எழாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பது. வீட்டில் இருப்பவர்கள் இதை 'சோம்பேறித்தனம்' என்று நினைத்துவிடுவார்கள். இதுவும் நோயின் அறிகுறிதான்.

மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயல்பாடு சில இடங்களில் அதிகமாவது, முதல் வகை அறிகுறிகளுக்கு முக்கியக் காரணம் என்பது நீண்டகாலமாக ஏற்கப்பட்ட விளக்கம். இன்று பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான மருந்துகள் டோபமைன் ஏற்பிகளைத் தடுத்தே வேலை செய்கின்றன.

மூலிகையிலிருந்து இப்படி ஒரு மருந்து வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. அதுவும் இந்தியச் செடியிலிருந்து. அதன் பெயர் சர்ப்பகந்தி.

இந்தச் செடியின் வேர் பாம்புக்கடிக்கும், தூக்கமின்மைக்கும், 'பைத்தியம்' என்று அப்போது சொல்லப்பட்ட நிலைக்கும் இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு மருத்துவர்கள், மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் இது பயன்படுவதாக இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். அவற்றில் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார்.

ஆனாலும் வெளிநாட்டு மருத்துவ உலகம் இதைக் கவனிக்க ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின. 1949-ல் மும்பை இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், ரத்த அழுத்த நோயாளிகளிடம் கண்ட பலனை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் வேரின் முக்கியப் பொருளான ரிசர்பினைத் தனியாகப் பிரித்தார்கள். 1954-ல் நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் நேதன் கிளைன், மருத்துவமனை நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். அதே காலகட்டத்தில் பிரான்சிலிருந்து வந்த குளோர்புரோமசினோடு சேர்த்து, மனநோய் சிகிச்சையையே மாற்றிய முதல் இரண்டு மருந்துகளில் ஒன்றானது ரிசர்பின்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் வரிசை. மனிதர்களிடம் பார்த்த பலன் முதலில் வந்தது. எந்தப் பொருள் வேலை செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை விலங்குகள் காட்டியது அதற்கும் பிறகுதான்.

முயல் கற்றுக்கொடுத்த பாடம்

1957-ல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் குழு, முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தது. முயல்கள் அசையாமல் உறைந்துபோய் உட்கார்ந்துவிட்டன. பிறகு எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தியதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்தன.

ரிசர்பின், நரம்பு செல்களில் டோபமைன் உள்ளிட்ட வேதிப்பொருள்களைச் சேமித்து வைக்கும் 'கிடங்கை' அடைத்துவிடுகிறது. கையிருப்பு தீர்ந்துபோகிறது. எல்-டோபா உடலில் டோபமைனாக மாறி அந்தக் குறையை நிரப்புகிறது. டோபமைன் தனக்கென்று ஒரு வேலை உள்ள மூளை வேதிப்பொருள் என்பது இந்த வழியில்தான் நிறுவப்பட்டது. பார்கின்சன் நோய்க்கு எல்-டோபா சிகிச்சை வந்ததும் இதன் தொடர்ச்சியே. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

விலங்குச் சோதனையை ஒட்டுமொத்தமாக உதறித்தள்ள முடியாது என்பதற்கு இந்த முயல்களே சான்று. ஆனால் அந்தச் சோதனை பதில் சொன்ன கேள்வி, 'இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது?' என்பது. 'நோயாளி குணமாவாரா?' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை.

சரி, எலிக்கு மனநோய் வருமா?

வராது. எலிக்குக் குரல் கேட்கிறதா என்று யாராலும் கேட்க முடியாது. அதனால் ஆய்வகத்தில் மருந்து கொடுத்து, மனப்பிறழ்வோடு தொடர்புள்ள ஏதோ ஒரு நடத்தையை வரவழைக்கிறார்கள். பிறகு மூலிகைச் சாறு அதைக் குறைக்கிறதா என்று பார்க்கிறார்கள். வழக்கமான சோதனைகள் இவை:

• கூண்டு ஏறுதல்: அபோமார்ஃபின் என்ற மருந்து டோபமைன் போலவே செயல்படும். அதைக் கொடுத்தால் சுண்டெலி கம்பி வலைக் கூண்டின் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். டோபமைனைத் தடுக்கும் பொருள் இதைக் குறைக்கும்.

• திரும்பத் திரும்பச் செய்தல்: ஆம்ஃபிடமைன் கொடுத்த எலி மோந்து பார்ப்பது, நக்குவது, தலையாட்டுவது என்று ஒரே செயலை நிறுத்தாமல் செய்யும். கீட்டமின் கொடுத்தும் இதுபோன்ற நடத்தை மாற்றங்களை வரவழைக்கிறார்கள்.

• உறைதல்: எலியின் முன்னங்கால்களை ஒரு குறுக்குக் கம்பியின் மேல் வைப்பார்கள். சாதாரண எலி உடனே இறங்கிவிடும். ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுத்த எலி, வைத்த இடத்திலேயே நிற்கும். மனிதர்களுக்கு வரும் விறைப்பு, நடுக்கம் போன்ற பக்கவிளைவுகளின் அடையாளம் இது.

• கம்பம் ஏறுதல்: முதலில் மணி ஒலிக்கும், அடுத்து தரையில் லேசான மின் அதிர்ச்சி வரும். மணி கேட்டதுமே கம்பத்தில் ஏறித் தப்பிக்க எலி கற்றுக்கொள்ளும். மனப்பிறழ்வு எதிர்ப்பு மருந்து கொடுத்தால், மணி ஒலித்தாலும் ஏறாது; ஆனால் அதிர்ச்சி வந்ததும் ஏறிவிடும். வெறும் தூக்க மருந்தை நிறையக் கொடுத்தால் இரண்டுக்குமே ஏறாது.

இந்தக் கடைசி வித்தியாசம்தான் முக்கியம். எலி அமைதியாகிவிட்டது என்பதற்கு நாலு காரணம் இருக்கலாம். மனப்பிறழ்வு எதிர்ப்புச் செயல்பாடு ஒன்று. தூக்கக் கலக்கம் இன்னொன்று. தசை தளர்ந்திருக்கலாம். அந்தச் சாறு விஷமாகவே இருந்து எலி நோய்வாய்ப்பட்டிருக்கலாம். ஒரே ஒரு சோதனையை மட்டும் செய்துவிட்டு முடிவு சொல்லும் கட்டுரையால் இவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது.

சோதனைக்குள்ளேயே ஒரு வட்டம்

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. இந்தச் சோதனைகள் பெரும்பாலும் பழைய மருந்துகளை அளவுகோலாக வைத்து உருவானவை. அதனால் பழைய மருந்து போலவே டோபமைனைத் தடுக்கும் பொருளைத்தான் அவை நன்றாகக் கண்டுபிடிக்கும். வேறு வழியில் வேலை செய்யும் பொருள் கண்ணில் படாமலேயே போகலாம். மூலையில் ஒடுங்கி உட்காரும் அந்த இரண்டாம் வகை அறிகுறிகளை, கூண்டு ஏறும் எலி காட்டவே காட்டாது.

குளோசபின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மற்ற மருந்துகள் பலனளிக்காத நோயாளிகளுக்கு இன்றும் இதுதான் முக்கியமான மருந்து. ஆனால் அது எலியை மற்ற மருந்துகள்போல உறையவைக்காது. உறைதல்தான் மருந்தின் முத்திரை என்று நம்பப்பட்ட காலத்தில், இது ஒரு விதிவிலக்காகவே பார்க்கப்பட்டது.

2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சனோமெலின்–டிராஸ்பியம் என்ற கூட்டு மருந்தை மனச்சிதைவுக்கு அனுமதித்தது. டோபமைன் ஏற்பிகளை நேரடியாகத் தடுக்காமல், மஸ்கரினிக் ஏற்பிகள் வழியாக வேலை செய்யும் மருந்து இது. இதற்கும் ஒரு தாவரத் தொடர்பு இருக்கிறது. சனோமெலின், நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் கொட்டைப்பாக்கின் அரிகோலின் மூலக்கூறை முன்மாதிரியாக வைத்து வேதியியலாளர்கள் வடிவமைத்த பொருள். இதற்காகப் பாக்கு மென்றால் மனநோய் தீரும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பாக்கு வாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். செடியிலிருந்து மருந்து வரை உள்ள தூரம் எவ்வளவு என்பதற்குத்தான் இந்த எடுத்துக்காட்டு.

அளவுக் கணக்கு போட்டுப் பார்த்தால்...

மூலிகைக் கட்டுரைகளில் எலிக்குக் கொடுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 200 அல்லது 400 மில்லிகிராம் என்று இருப்பது சாதாரணம். இதை மனித அளவுக்கு மாற்ற ஒரு வழக்கமான கணக்கு உண்டு: எலியின் அளவை 6.2-ஆல் வகுக்க வேண்டும்.

400-ஐ 6.2-ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 65 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3.9 கிராம் சாறு. 100 கிராம் காய்ந்த இலையிலிருந்து 10 கிராம் சாறு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் சுமார் 39 கிராம் காய்ந்த இலை வேண்டும்.

ரிசர்பினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது மில்லிகிராம் கணக்கில் வேலை செய்யும் மருந்து. கிராம் கணக்கில் கொட்டினால்தான் பலன் தெரியும் என்றால், அந்தச் சாற்றில் செயல்படும் பொருள் மிகக் குறைவாக இருக்கலாம், அல்லது வீரியமே குறைவாக இருக்கலாம். அந்தப் பொருள் எது என்று பிரித்துக் காட்டும் வரை, வேலை பாதியில்தான் நிற்கிறது.

மூலிகைதானே, என்ன ஆகிவிடப்போகிறது?

நிறைய ஆகலாம். ரிசர்பினே இதற்குச் சாட்சி. ரத்த அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைவது, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளாலும், வேறு மருந்துகள் வந்ததாலும், மனநோய் சிகிச்சையிலிருந்து அது ஒதுங்கிவிட்டது.

பூனைக்காலி விதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இயற்கையாகவே எல்-டோபா இருக்கிறது. கார்ல்சனின் முயல்களை எழுப்பிய அதே பொருள். நரம்புத் தளர்ச்சிக்கு நல்லது என்று விற்கப்படும் இந்த விதை, மனப்பிறழ்வு உள்ளவருக்கு அறிகுறிகளைத் தூண்டிவிடலாம். ஊமத்தை இன்னும் மோசம். நல்ல நிலையில் இருப்பவருக்கே சித்தபிரமையை உண்டாக்கும்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் மூலிகையையும் சேர்க்கும்போது, இரண்டும் ஒன்றையொன்று கூட்டலாம், குறைக்கலாம். மனநல மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

மனிதர்களிடம் சோதித்த மூலிகை உண்டா?

ஒரு சில உண்டு. அமுக்கராவின் தரப்படுத்தப்பட்ட சாற்றை, மனச்சிதைவு உள்ள சுமார் 70 பேரிடம் 12 வாரம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2018-ல் வெளியானது. வழக்கமான மருந்தை நிறுத்தாமல், கூடுதலாகத்தான் அமுக்கரா கொடுக்கப்பட்டது. ஒடுங்கிப்போவது போன்ற அறிகுறிகளில் முன்னேற்றம் தெரிந்தது. குரல் கேட்பது, சந்தேகம் போன்றவற்றில் போலி மாத்திரை எடுத்தவர்களைவிடத் தெளிவான வித்தியாசம் இல்லை. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் சிறிய ஆய்வு, மாத்திரைக்கு மாற்றும் அல்ல.

இந்திய விதிகளிலும் இதற்கு ஒரு வழி இருக்கிறது. 2015-ல் கொண்டுவரப்பட்ட விதிப்படி, ஒரு செடியின் சுத்திகரித்துத் தரப்படுத்திய பகுதியை, குறைந்தது 4 வேதிக்கூறுகளை அடையாளம் காட்டி அளந்து, மனிதப் பரிசோதனைகள் நடத்தி மருந்தாகப் பதிவு செய்யலாம். எலி ஆய்வோடு நின்றுவிடும் பெரும்பாலான சாறுகள் இந்தப் பாதையில் அடியெடுத்தே வைப்பதில்லை. பட்டப்படிப்புக்கான ஆய்வு முடிந்ததும் பணமும் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் அந்த எலிகள் எதற்காக? விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் கீழ், இத்தகைய சோதனைக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். மாற்று வழி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வலியைக் குறைக்க வேண்டும் என்பது அடிப்படை நெறி. யாருக்கும் பயன்படாமல் அலமாரியில் முடங்கும் ஆய்வு, அந்த நெறியின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்பது நியாயமான கேள்வி.

மலைக்கு என்ன கிடைக்கும்?

கரியாலூர், வெள்ளிமலை சுற்றுவட்டாரங்களில் வாழும் மலையாளி பழங்குடியினரின் மருந்துச் செடிகளைப் பட்டியலிட்டு பல தாவரவியல் கட்டுரைகள் வந்துள்ளன. ஆய்வகத்துக்குப் போகும் செடியைத் தேர்ந்தெடுக்கவே இந்த அறிவுதான் பயன்படுகிறது. ஆனால் கட்டுரையில் வைத்தியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நன்றி வரிதான்.

சட்டம் என்ன சொல்கிறது? உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002, இத்தகைய அறிவையும் செடியையும் வணிகமாக்கினால் பலனைப் பகிர வேண்டும் என்கிறது. இதைக் கவனிக்கும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. 2023 திருத்தம், நூல்களில் பதிவான மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்கு இதிலிருந்து விலக்கு தந்தது. அதாவது, கல்வராயன் மலையில் வாய்மொழியாக மட்டும் இருக்கும் அறிவா, அல்லது சித்த, ஆயுர்வேத நூலில் ஏற்கெனவே உள்ளதா என்பதைப் பொறுத்து பங்கு கிடைப்பதும் கிடைக்காததும் மாறும். வன உரிமைச் சட்டம் 2006-ம், மரபு அறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்கிறது.

பங்கு கொடுத்த முன்மாதிரி பக்கத்திலேயே உண்டு. கேரளத்தின் காணி மக்கள் 1987-ல் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை செடியிலிருந்து 'ஜீவனி' என்ற தயாரிப்பு உருவானது. 1995-ல் கோவை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் தரப்பட்டது. கட்டணமாக 10 லட்சம் ரூபாயும், விற்பனையில் 2 சதவீத உரிமைத்தொகையும் பேசப்பட்டன. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-ல் அறக்கட்டளை அமைந்தது. பிறகு காட்டிலிருந்து இலை எடுப்பதில் வனத்துறைக் கட்டுப்பாடுகள் வந்து சிக்கலானது தனிக்கதை.

மறுபக்கம் சர்ப்பகந்தியின் கதை ஓர் எச்சரிக்கை. தேவை ஏறியதும் காட்டுச் செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. இன்று அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள தாவரம்.

அப்போ, இப்போது நோயுற்றவர் என்ன செய்வது?

2015–16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் சேர்க்கப்பட்டிருந்தது. பெரும்பாலான மனநோய்களில், சிகிச்சை தேவைப்படுபவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பெறவில்லை என்றது அந்த ஆய்வு. மலைக் கிராமங்களில் தூரமும் சேர்ந்துகொள்கிறது. 2024 கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்த வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து எடுத்தபோது, சாலை, மருத்துவம் போன்ற அடிப்படை வசதிகளே பேசுபொருளாயின.

மருத்துவர் எட்டாத இடத்தில் மூலிகை வைத்தியரும் கோயிலும்தான் முதல் படி. அந்த நம்பிக்கையைக் கேலி செய்வதால் பயனில்லை. ஆனால் சிகிச்சையே இல்லாமல் விடுவதன் விலையையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். மனநல பராமரிப்புச் சட்டம் 2017, யாரையும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. அரசு செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது.

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து கிடைக்கிறது. தொலைபேசியில் ஆலோசனை பெற டெலிமானஸ் எண் 14416, 24 மணி நேரமும். மாத்திரையில் தூக்கம், எடை கூடுதல், நடுக்கம் என்று தொந்தரவு இருந்தால், அளவையோ மருந்தையோ மாற்றச் சொல்லிக் கேட்கலாம். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால், நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எலியிடம் சோதித்தார்களா, மனிதர்களிடமா?

2. தூக்கக் கலக்கம் அல்ல, மனப்பிறழ்வு எதிர்ப்புச் செயல்பாடுதான் என்று பிரித்துக் காட்டினார்களா?

3. கொடுத்த அளவை மனிதர்களுக்கு மாற்றினால் எவ்வளவு வருகிறது?

4. செயல்படும் பொருள் எது என்று சொன்னார்களா, அல்லது 'சாறு' என்பதோடு நிறுத்திவிட்டார்களா?

5. மாத்திரைக்குப் பதிலாகவா, மாத்திரையோடு கூடுதலாகவா?

முதல் கேள்விக்கு 'எலி' என்று பதில் வந்தால், அது ஆய்வாளர்கள் அடுத்த சோதனைக்குப் போவதற்கான காரணம் மட்டுமே. வீட்டில் இருப்பவரின் மாத்திரையை நிறுத்துவதற்கான காரணம் ஆகாது.